பையன் எரிந்து விழுகிறான்: மாத்திரையா, வயசா, வலிப்பா?

கேள்வி: குன்னூரிலிருந்து ஓர் அம்மா
16 நவம்பர் 2024

பையனுக்குப் பதினாலு வயது, ஒன்பதாவது படிக்கிறான். ஆடியில் முதல் வலிப்பு வந்தது, ஆவணியில் இன்னொன்று. கோயம்புத்தூர் கூட்டிப்போய்க் காட்டினோம். லெவிடிரசிடம் மாத்திரை காலையும் இரவும் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் வலிப்பு இல்லை. ஆனால் பிள்ளை பழைய பிள்ளையாக இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். தங்கச்சியை அடிக்கிறான். போன வாரம் "நான் இல்லாம போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். இந்த நோய் உள்ளவர்கள் குணமே இப்படித்தான் என்கிறார் மாமியார். எல்லாம் நான் கொடுத்த செல்லம் என்கிறார் வீட்டுக்காரர். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

17 நவம்பர், காலை

நிறுத்த வேண்டாம் அக்கா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு அடுக்கடுக்காக வரலாம், நிற்காமலே போகலாம். பனிமூட்டத்தில் பர்லியார் வளைவுகளில் ஆம்புலன்ஸ் என்ன வேகத்தில் இறங்கும் என்று குன்னூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாவது, "நான் இல்லாம போனா" என்றதை வயசுக் கோபம் என்று ஒதுக்காதீர்கள். அடுத்த முறை காட்டும் தேதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். "கொஞ்சம் கோபப்படுறான் டாக்டர்" என்று பூசி மெழுகினால் அவர்களும் "சரியாப் போயிடும்மா" என்றுதான் சொல்வார்கள். லெவிடிரசிடம் சிலருக்கு எரிச்சல், முரட்டுத்தனம், அழுகை எல்லாம் கொண்டுவரும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே போட்டிருக்கிறது, யாரும் பிரித்துப் படிப்பதில்லை. வலிப்பு மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே தற்கொலை எண்ணம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் எச்சரிக்கை விட்டது. அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மெல்ல மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அவரிடம் சொல்வது உங்கள் வேலை.

ராத்திரியில் பயமாக இருந்தால் 14416. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. மாத்திரை அட்டைகள் உங்கள் கையில் இருக்கட்டும், வேளைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் பதினாலில்தான் ஆரம்பித்தது.

17 நவம்பர், இரவு

காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் எழுதியது. மிச்சத்தை இப்போது சொல்கிறேன்.

எனக்கும் முதலில் அதே மாத்திரைதான். அந்த எரிச்சல் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திமிராகத் தெரியும். உள்ளே அது வேறு. எங்கப்பா டீயை உறிஞ்சிக் குடிப்பார், இந்த மலையில் பாதிப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ ஏறும், டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கத் தோன்றும். ஏன் என்று எனக்கே தெரியாது. அடுத்த நிமிஷம் அவமானமாக இருக்கும். அந்த அவமானத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் கத்துவேன்.

மாத்திரையை மாற்றினார்கள். சில வாரத்தில் அப்பா டீ குடிப்பது வெறும் டீ குடிப்பதாக ஆகிவிட்டது.

ஆனால் கோபம் முழுக்கப் போகவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். முதல் வலிப்பு வந்த வாரமே அம்மா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். நான் குளிக்கும்போது வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார், உடனே பதில் சொல்ல வேண்டும். சோப்பு நுரை வாயில் இருந்தாலும் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது, படிக்கும்போது, தூங்கும்போது, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் கோபத்துக்கு மாத்திரை பொறுப்பில்லை, அதை மாற்றியும் அது போகவில்லை. உங்கள் பையனிடமும் இந்த ரெண்டும் கலந்திருக்கலாம். முதலில் மாத்திரை விஷயத்தைத் தீருங்கள். தீர்ந்த பிறகு எது மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

19 நவம்பர்

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 1970-ல் வெளியானது. பொதுவாகப் பிள்ளைகளில் மனநல, நடத்தைச் சிக்கல் 6.6 சதவீதம். மூளையோடு சம்பந்தமில்லாத நாள்பட்ட நோய் உள்ள பிள்ளைகளில் 11.6. வேறு மூளைப் பாதிப்பு இல்லாமல் வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைகளில் 28.6. ஆக, "நோயாளிப் பிள்ளை, அதனால் சலிப்பு" என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. வலிப்பு வருகிற மூளைக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. சில பிள்ளைகளுக்குக் கவனக் குறைவும் துறுதுறுப்பும் முதல் வலிப்புக்கு முன்பே இருந்திருக்கும். வாத்தியார் புகார் சொன்ன தேதியையும் வலிப்பு வந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே கணக்கில் பத்துக்கு ஏழு பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். சொல்லும் முறையில் சொல்லுங்கள், வீட்டில் இன்னொரு சண்டை வேண்டாம்.

22 நவம்பர்

கோவை நண்பர் "பி6 வைட்டமின் கொடுத்தால் அந்த எரிச்சல் போய்விடும், கடையில் வாங்கிக் கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். டாக்டர்கள் பி6 எழுதிக்கொடுப்பது உண்டு, சில பிள்ளைகளுக்குக் கேட்கவும் செய்கிறது. ஆதாரம் அவ்வளவு திடமானது இல்லை. அளவு மீறி நாள்கணக்கில் கொடுத்தால் கைகால் நரம்பு கெடும். தற்கொலைப் பேச்சு பேசிய பிள்ளைக்கு வைட்டமின் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்டுக் கொடுங்கள்.

24 நவம்பர்

அக்கா, ஒரு கேள்வி. பையனுக்குக் காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை வெட்டி வெட்டி உதறுமா? பல் தேய்க்கும்போது பிரஷ் தெறிக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு முதல் பெரிய வலிப்பு வருவதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே அது இருந்தது. காலையில் அம்மா டீ கொடுப்பார், வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் கை தானாக வெட்டும், டீ சுவரில் இருக்கும். எங்கள் சமையலறைச் சுவரில் என் தோள் உயரத்துக்குப் பழுப்புக் கறை இருந்தது. வெள்ளை அடித்தும் தெரிந்தது. "கையில வெண்ணெயா தடவியிருக்கே?" என்பார் அப்பா. தேர்வு நேரத்தில், ராத்திரி கண் விழித்துப் படித்த மறுநாள், அது கூடும். இளம் பருவத்தில் வரும் இந்த வகை வலிப்புக்குப் பெயரே தனி, மயோக்ளோனிக் என்பார்கள். தூக்கம் கெட்டால் கட்டாயம் தலைகாட்டும். இதற்கு கார்பமசிபின், ஃபெனிடாயின் மாதிரியான மாத்திரைகள் சில சமயம் நிலைமையை மோசமாக்கும். அதனால் உதறல் இருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவர்களாகக் கண்டுபிடிக்க முடியாது, அவர்கள் பார்ப்பது மதியம் பன்னிரண்டு மணிக்கு.

உதறலைச் செல்போனில் வீடியோ எடுங்கள். பெரிய வலிப்பு வந்தால் அதையும் யாராவது ஒருவர் எடுக்கட்டும். பையன் கோபித்துக்கொள்வான், எடுத்ததை டாக்டரைத் தவிர யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் போட்டார்கள்.

27 நவம்பர்

சளி சீசன் என்பதால் இது. ஊட்டியில் கடைக்குக் கடை நீலகிரித் தைலம். 1840-களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்கென்று கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ், இப்போது வீட்டு வைத்தியமே அதுதான். தலைவலி என்றால் தைலம், மூக்கடைப்பு என்றால் கொதிக்கும் தண்ணீரில் தைலம் விட்டுப் போர்வை போட்டு ஆவி.

யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. பெங்களூர் நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பற்றியே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். தைலம் தடவி, முகர்ந்து, வலிப்பு வந்தவர்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பல தலைவலித் தைலங்களிலும் இந்த ரெண்டும் இருக்கும். எனக்குச் சளி பிடித்தால் வெறும் வெந்நீர் ஆவி மட்டும்தான்.

நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு நீலகிரித் தைலத்தைத் திட்டுகிறான் என்று நாளைக்கு எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் என்னைத் தேடி வரலாம்.

1 டிசம்பர்

"நாங்கள் பன்றிக்கறி தொடுவதில்லை, எங்கள் பிள்ளைக்கு எப்படி மூளையில் புழு வரும்? கோஸ் சாப்பிட்டதால் என்கிறார்கள்" என்று கேத்தியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

கோஸுக்குள் புழு உட்கார்ந்திருப்பதில்லை. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் அதன் முட்டை வெளியே வரும். அந்த மலம் பட்ட தண்ணீர், மண், காய், கழுவாத கை, இவற்றின் வழியாக முட்டை யார் வயிற்றுக்குள்ளும் போகலாம், சைவம் அசைவம் பார்க்காது. அங்கிருந்து மூளைக்குப் போய்க் கட்டியாக உட்காரும். நம் நாட்டில் பிள்ளைகளுக்கு வலிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒற்றைக் கட்டி என்றால் பெரும்பாலும் மருந்தில் கரைந்துவிடும், பல பிள்ளைகளுக்கு வலிப்பு மாத்திரையும் பிறகு தேவைப்படாது. எனவே உங்கள் பிள்ளைக்கு இது நல்ல செய்திப் பக்கம்தான்.

கேரட்டைப் பிடுங்கி, ஓடைத் தண்ணீரில் அலசி, பேண்ட்டில் துடைத்துவிட்டு அப்படியே கடிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. அதை விடுங்கள். வேகவைத்தால் பயமில்லை.

8 டிசம்பர்

குன்னூர் அக்கா பதில் போட்டிருக்கிறார்: டாக்டரிடம் அப்படியே சொன்னாராம், மாத்திரையை மெல்ல மாற்றுகிறார்களாம், மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பியிருக்கிறார்களாம். காலை உதறல் இருக்கிறதாம், "குளிர்ல நடுங்குறான்னு நெனச்சோம்" என்கிறார். டிசம்பரில் குன்னூரில் யார்தான் நடுங்கவில்லை.

வலிப்புள்ள 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்று 1999-ல் ஒரு கேள்வித்தாள் வந்தது, மொத்தம் 48 கேள்விகள். வலிப்பு எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவதற்கு அல்ல. நினைவு, கவனம், பள்ளி, நண்பர்கள், ஒதுக்குகிறார்கள் என்ற உணர்வு, இந்த நோயைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், இப்படிப் போகும். பிள்ளையே பதில் சொல்ல வேண்டும். அது ஏன் முக்கியம் என்றால், பிள்ளையின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்ட ஆய்வுகளில் பெற்றோர் போடும் மதிப்பெண் குறைவாக இருக்கிறது. பிள்ளை "பரவாயில்லை" என்கிற இடத்தில் அம்மா "பாழாய்ப்போச்சு" என்கிறார். இன்னொன்று, மனச்சோர்வு இருந்தால் வலிப்பு அடங்கியிருந்தாலும் வாழ்க்கை நன்றாக இருப்பதாக அவர்கள் சொல்வதில்லை. வலிப்பு நின்றுவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

என்னை அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வலிப்பு எனக்கு ஞாபகமே இருக்காது. எழுந்தால் நாக்கு கடிபட்டிருக்கும், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, சுற்றி முகங்கள். அவ்வளவுதான். ஞாபகம் இருப்பதெல்லாம் மற்ற நாட்கள். கூட்டாளிகள் கேத்தரின் அருவிக்குப் போவார்கள், என்னிடம் சொல்லாமல் போவார்கள். சொன்னால் எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார்கள், நல்ல பசங்கள். விளையாட்டு வகுப்பில் வாத்தியார் என்னைப் பை பார்த்துக்கொள்ள உட்கார வைப்பார். வகுப்பில் தலைவர் பொறுப்பு கைமாறியது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எல்லாரும் அன்பாக இருந்தார்கள், அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் ஒரு பையன் கிரிக்கெட்டில் நான் ரன் அவுட் ஆனதற்குக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அன்றைக்கு ராத்திரி எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உங்கள் பையன் தங்கச்சியை அடிப்பதற்கு இதெல்லாம் சமாதானம் ஆகாது. அடித்தால் கண்டிக்கத்தான் வேண்டும். "பாவம், நோய்" என்று விட்டீர்களானால் தங்கச்சிக்கும் அநியாயம், அவனுக்கும்.

10 டிசம்பர்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அம்மாவை வில்லியாக்கி வைத்திருக்கிறேன். அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வலிப்பில் திடீர் மரணம் என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் தூக்கத்தில். அரிதுதான். 2017-ல் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதலில் வருடத்துக்கு 4,500 பிள்ளைகளில் ஒருவர், பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்கிறார்கள். பெரிய வலிப்பு அடங்காமல் வந்துகொண்டிருந்தால் ஆபத்து கூடும், மாத்திரை ஒழுங்காகப் போனால் குறையும். எங்கள் அம்மாவிடம் இதை டாக்டர் சொல்லியிருந்தார், அம்மா என்னிடம் சொல்லவில்லை. பல வருடம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தது எதனால் என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் மாத்திரையை ஒளித்து வைத்து ஏமாற்றியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாம் என்பது என் கருத்து. டாக்டர் முன்னால், அவரே சொல்லட்டும்.

15 டிசம்பர்

கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் வலிப்பு நிற்குமா என்ற விவாதம் வந்துவிட்டதா! வராமல் எப்படி.

வலிப்பு சாதாரணமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிக்கவும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊரில் ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் எனக்கு வந்தபோது கையில் யாரோ ஆக்சா பிளேடைக் கொடுத்திருந்தார்கள். இரும்பு இரும்புதானே.

செய்ய வேண்டியது: மணி பாருங்கள். தலைக்குக் கீழே மடித்த ஸ்வெட்டர். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து எச்சில் வழிய விடுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நம் மலையில் 108 வந்து சேர நேரமாகும், அதனால் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயைப் பற்றி டாக்டரிடம் கேட்டுச் சீட்டு வாங்கி வையுங்கள். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று.

விழுந்து உதறாத வலிப்பும் உண்டு. சில பிள்ளைகள் பத்து விநாடி வெறித்துப் பார்ப்பார்கள், பேச்சு பாதியில் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வகுப்பில் "கனவு கண்டுக்கிட்டு இருக்கான்" என்று அடி விழும். வேறு சிலர் உதட்டைச் சப்பிக்கொண்டு, சட்டைப் பொத்தானை நோண்டிக்கொண்டு, எழுந்து நடப்பார்கள். அந்த நேரம் கையைப் பிடித்து இழுத்தால் தள்ளிவிடுவார்கள், அது முரட்டுத்தனம் இல்லை, அவர்களுக்கே தெரியாது. பூசாரியிடம் கூட்டிப்போகும் கேஸ்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பூசாரியிடம் போகட்டும், எனக்கென்ன. மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகட்டும்.

5 ஜனவரி 2025

உறைபனிக் காலம். கரி அடுப்பு, கணப்பு, கொதிக்கிற வெந்நீர் அண்டா. வலிப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இவை மூன்றும்தான் எனக்குப் பயம். தீக்காயத் தழும்போடு இருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வெந்நீரை வேறொருவர் விளாவி வைக்கட்டும்.

திருவிழா நேரம் வேறு. ராத்திரி முழுக்க ஆட்டமும் பாட்டமும் பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பினால் எனக்குக் காலையில் கை உதறும். அதனால் பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவேன். "பெரிய மனுஷன் தூங்கப் போறான்" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் யாருக்காவது உதவலாம். எஸ்டேட் ரோட்டில் பஸ் போகும்போது வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே வெயில் விட்டு விட்டு முகத்தில் அடிக்கும். வெளிச்சத்துக்கு வலிப்பு தூண்டப்படுகிறவர்கள் குறைவு, ஆனால் என் வகைக்காரர்களில் கொஞ்சம் அதிகம். எனக்கு அது ஆகாது. கண்ணை மூடினால் போதாது, ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொள்ள வேண்டும். ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் நான் மட்டும் உள்பக்க சீட்டு கேட்பேன்.

19 ஜனவரி

வலிப்பு உள்ளவர் பைக் ஓட்டலாமா என்ற கேள்வி. தெரியும், இது வரும்.

லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 1-ல் வலிப்பு உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். உண்டு என்றால் கிடைக்காது. பிரிட்டனில் ஒரு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட விடுகிறார்கள், இங்கே அந்தக் கதவு இல்லை. இல்லை என்று பொய் எழுதிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் உதறினால் நான் மட்டும் விழ மாட்டேன், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் எதிரே ஏறி வரும் கொழுந்து லாரியும் இருக்கிறது.

ஆனால் பதினெட்டு வயதில் பைக் இல்லாமல் மலையில் இருப்பது என்றால் என்ன என்று சமவெளிக்காரர்களுக்குப் புரியாது. கடைசி மினி பஸ் போய்விட்டால் யாரையாவது கெஞ்ச வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட "வண்டி ஓட்டத் தெரியாதா?" என்றார்கள். எனக்கு வலிப்பு என்று சொன்னதைவிட அதுதான் அவர்களை அதிகம் உறுத்தியது.

9 பிப்ரவரி

குன்னூர் அக்காவின் நீளமான கடிதம் வந்திருக்கிறது. அடிப்பது நின்றுவிட்டது. அந்தப் பேச்சும் இல்லை, மனநல மருத்துவரிடம் தொடர்ந்து போகிறார்கள். ஆனால் "வீட்டுக்குள் பேசவே மாட்டேன் என்கிறான், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான், திறந்து வைக்கச் சொன்னால்தான் சண்டை."

அக்கா, இது மிச்சக் கணக்கு. இதில் கொஞ்சம் வெறும் பதினாலு வயசு. வலிப்பில்லாத பசங்களும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். குளியலறைத் தாழ்ப்பாள் திரும்ப வரவில்லை, வரவும் கூடாது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார் அப்பா. உள்ளே விழுந்து கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது, உடம்பு தடுக்கும். கதவில் ஒரு அட்டை தொங்கும், ஒரு பக்கம் "ஆள் இருக்கு". அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தால் யாரும் திறக்கக் கூடாது. தொட்டியோ நின்று குளிப்பதோ இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்து செம்பில் மொண்டு குளிக்க வேண்டும். கூப்பிட்டுப் பதில் கேட்பதற்குப் பதிலாக நான் பாட்டுப் பாட வேண்டும் என்று பேசி முடித்தோம். பாட்டு நின்றால் தட்டுவார்கள். என் குரலுக்கு அது வீட்டாருக்குக் கிடைத்த தண்டனை. ஆனால் பேரம் பேசியது நான், ஒத்துக்கொண்டது அம்மா. முதல் முறையாக என் வியாதி விஷயத்தில் என் பேச்சு எடுபட்டது.

மாத்திரை டப்பாவும் ஒருநாள் அவன் கைக்குப் போக வேண்டும். இப்போது வேண்டாம், அந்தப் பேச்சு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்து வைத்து, இரவில் நீங்கள் டப்பாவை மட்டும் எட்டிப் பாருங்கள்.

2 மார்ச்

பிளஸ் டூ பரீட்சை நேரம். நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கும் வீடுகளுக்கு: வலிப்புள்ள பிள்ளையை எழுப்பாதீர்கள். தூங்கி எழுந்து கொஞ்சமாகப் படித்துப் பாஸானால் போதும்.

3 மார்ச்

கூடலூரிலிருந்து ஒரு தங்கை கேட்டது பெரிய விஷயம். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. மறைத்துக் கட்டிக்கொண்டால் மாத்திரையை மறைத்துச் சாப்பிட வேண்டும், மறைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாள் தவறவிடுவார்கள். சட்டம் உங்கள் பக்கம்தான். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதியிருந்தது, 1999-ல் எடுத்துவிட்டார்கள், சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. ஊர் வாயிலிருந்து எடுக்கத்தான் சட்டம் இல்லை.

அதைவிட அவசரம்: நீங்கள் சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்ப காலத்தில் அது குழந்தையைப் பாதிக்கும் வாய்ப்பு மற்ற மாத்திரைகளைவிட அதிகம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் போங்கள், வேறு மாத்திரையையும் ஃபோலிக் ஆசிட்டையும் பற்றி அவர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். எனக்கு அதே மாத்திரை கொடுத்தது எடையை மட்டும்தான், பேண்ட் எல்லாம் தம்பிக்குப் போய்விட்டது.

23 மார்ச்

ஹாஸ்டலுக்குப் போகும் தம்பிக்கு, சுருக்கமாக. ரூம்மேட்டிடம் முதல் வாரமே சொல்லிவிடு, மேலே நான் எழுதிய முதலுதவியை அவனுக்கு அனுப்பு. வார்டனுக்கும் தெரியட்டும். அடுக்குக் கட்டிலில் கீழ்த் தட்டு கேள். மலை இறங்கும் பஸ்ஸில் வாந்தி எடுப்பாய் என்றால் மாத்திரையைப் போட்டவுடன் ஏறாதே. வாந்தியில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு திரும்பப் போடு. லீவுக்கு வரும்போது ஒரு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாகப் பையில் இருக்கட்டும், மழை நாளில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.